பொறிவண்டுக்குப் போன முப்பத்தோராயிரம்

கணக்கை முதலிலேயே வைத்துவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் ட்யூப் 850, எல்இடி ரிங் லைட் 1,900, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் 22,500, அந்த லென்ஸில் பிடித்த பூஞ்சையைத் துடைக்கக் கொடுத்தது 4,500, பஸ், டீ, டிபன் வகையில் 1,800. ஆக மொத்தம் 31,550 ரூபாய். ஆடியில் தொடங்கி மார்கழி வரை ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் தனிக் கணக்கு. இத்தனையும் ஆறு மில்லிமீட்டர் பொறிவண்டைப் படம் பிடிக்க. கடைசியில் படத்தைக் காப்பாற்றியது என்னவோ, புது டிவி பெட்டிக்குள் சுற்றி வந்த வெள்ளை ஸ்பாஞ்ச் தாளும் இருபது ரூபாய் ட்ரேசிங் பேப்பரும்தான். சேலத்தில் கல்யாணம் எடுக்கிற நண்பர்கள் எனக்கு நிறையப் பேர். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வண்டு எங்கே இருக்கும், அதன் மேல் எப்படி வெளிச்சம் விழ வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆடியில் கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு கத்தரித் தோட்டத்தில் ஆரம்பித்தேன். செடிக்குச் செடி ஆரஞ்சு நிறத்தில் புள்ளி வைத்த வண்டு. நகராது, பறக்காது, இலையை ஒட்டியே கிடக்கும். முந்நூறு படத்துக்கு மேல் எடுத்து, "விவசாயியின் நண்பன்" என்று தலைப்புப் போட்டு, தோட்டத்துக்கார ஆயாவிடமே போனில் காட்டினேன். ஆயா கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, என் கத்திரிய சல்லடையாக்குற சனியனப் புடிச்சு வச்சு அழகு பாக்குறியே?" என்றது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அது இருபத்தெட்டுப் புள்ளி வண்டு, ஹெனோசெபிலாக்னா. பொறிவண்டுக் குடும்பம்தான், ஆனால் சைவம். கத்தரி, தக்காளி வகைச் செடிகளின் இலையைச் சுரண்டித் தின்னும்.

வித்தியாசம் தெரிந்துவிட்டால் அப்புறம் தப்பே வராது. கத்தரி வண்டின் முதுகு பளபளக்காது. பழைய சட்டைத் துணி மாதிரி மங்கலாக இருக்கும். லென்ஸில் பெரிதாக்கிப் பார்த்தால் முதுகு முழுக்கப் பூனைமுடி. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு இருக்கும். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் நல்ல பொறிவண்டின் முதுகோ வார்னிஷ் அடித்தது போல் மின்னும். அதன் புழு கறுப்பாக நீண்டு, ஆரஞ்சுத் திட்டுகளோடு, குட்டி முதலை நடப்பது போல் நடக்கும். நம் பக்கத்துத் தோட்டங்களில் அதிகம் கண்ணில் படுவது கைலோமினஸ் செக்ஸ்மாகுலாட்டா; முதுகில் கறுப்புக் கோடு வளைந்து வளைந்து ஓடும். அடுத்தது காக்சினெல்லா டிரான்ஸ்வர்சாலிஸ். சிவப்பும் ஆரஞ்சுமாக, குறுக்கே தடித்த கறுப்புப் பட்டை. பரங்கி, வெண்டை இலையில் சாம்பல் நோய் பிடித்திருந்தால் எலுமிச்சை மஞ்சளில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அது இல்லெயிஸ் சிங்டா. பூச்சியைத் தொடாது, அந்த வெள்ளைப் பூஞ்சையைத்தான் மேயும்.

வண்டைத் தேடி வரப்பெல்லாம் நடந்தது என் இரண்டாவது தப்பு. தேட வேண்டியது அதன் சாப்பாட்டை. தட்டைப்பயறு, அவரை, மொச்சைக் கொடியின் நுனித் தளிரும் பிஞ்சும் கறுப்பு அசுவினியால் அப்பிக் கிடந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். அசுவினி தூரத்திலிருந்து தெரியாது. அதன் அடையாளங்கள் தெரியும்: தண்டில் ஏறி இறங்கும் எறும்புச் சாரை, சுருண்ட தளிர், கீழ் இலைகளில் தொட்டால் ஒட்டும் பிசுபிசுப்பு, அதன் மேல் கரி பூசினாற்போல் படிந்த பூஞ்சை. எறும்பு ரொம்ப அதிகமாக இருந்தால் அந்தச் செடியை விட்டுப் பக்கத்துச் செடியைப் பாருங்கள். தேன் தரும் அசுவினியைக் காக்க எறும்பு வண்டை விரட்டிவிடும். வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கம் மக்காச்சோளம் பூட்டை (உச்சிப் பூங்கதிர்) தள்ளும் சமயத்தில் பூட்டையிலும் இலைக்கணுவிலும் பாருங்கள். எதுவும் கிடைக்காத நாளில் ரோட்டோர எருக்கஞ்செடி. அதில் வருகிற அசுவினி பளிச்சென்ற மஞ்சள். சாம்பல் பச்சை இலை, மஞ்சள் கூட்டம், நடுவில் சிவப்பு வண்டு. இந்த மூன்று நிறம் எந்தப் பூங்காவிலும் இப்படி அமையாது. ஒரு எச்சரிக்கை: எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. இலையைக் கிள்ளிய கையோடு வியூஃபைண்டரில் கண்ணை வைக்காதீர்கள்.

தோட்டத்துக்குள் இறங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "மருந்தடிச்சு எத்தனை நாளாச்சுங்க?" நேற்று அடித்த வயலில் வண்டும் இருக்காது, தரையில் முழங்கையை ஊன்றிப் படுக்கிற நமக்கும் நல்லதில்லை. அடித்து இரண்டு மூன்று வாரம் ஆகட்டும். வீட்டுக் கொல்லையில் மருந்தே அடிக்காமல் விட்ட நாலு தட்டைப்பயறுச் செடி, இரண்டு ஏக்கர் வயலைவிட அதிக வண்டு கொடுக்கும்.

இனி சாமான் கதை. ஆவணியில் ஆன்லைனில் பிளாஸ்டிக் ட்யூப் வாங்கினேன், உள்ளே மின்தொடர்பு இல்லாத வகை. 50 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 65 மி.மீ. ட்யூப் வைத்தால் 1.3 மடங்கு பெரிதாகும்; கணக்கு சரிதான். ஆனால் மின்தொடர்பு இல்லாததால் கேமரா அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை, மூடாது. எஃப்/1.8-இல் முழுசாகத் திறந்த லென்ஸ், அந்தப் பெரிதாக்கத்தில் கொடுக்கிற ஃபோகஸ் ஆழம் ஒரு தலைமுடிக் கனம். ஒரு மாதம் எடுத்ததில் ஒரு கால் தெளிவு, மற்றதெல்லாம் புகை. கேனான் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு: லென்ஸை நேராக மாட்டி, எஃப்/8 வைத்து, டெப்த் ஆஃப் ஃபீல்ட் பொத்தானை அழுத்தியபடியே லென்ஸைக் கழற்றினால் அபெர்ச்சர் அந்த அளவிலேயே நின்றுவிடும். ட்யூபில் மாட்டி எடுக்கலாம். வியூஃபைண்டர் மட்டும் இருட்டாக இருக்கும். நிக்கான் என்றால் அபெர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸைத் தேடுங்கள்; வளையம் இல்லாத லென்ஸ் ட்யூபில் போனதும் தானாக முழுக்க மூடிக்கொள்ளும். புதிதாக வாங்குவதென்றால் மின்தொடர்புள்ள ட்யூபே வாங்குங்கள். இல்லை, கையில் 55-250 மாதிரி ஜூம் இருந்தால் அதன் முகத்தில் கவ்வுகிற ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி போதும், 200 மி.மீ.-க்குத் தள்ளினால் ஏறத்தாழ 1.6 மடங்கு வரும். மேக்ரோ லென்ஸ் வாங்காமலே வேலை முடியும் என்று எனக்கு யாராவது அன்று சொல்லியிருக்கலாம்.

ரிங் லைட் கதை கொஞ்சம் சிரிப்பு. ஆடி மாதக் கத்தரி வண்டில் அதைப் பழகிப் பார்த்திருந்தால் படம் நன்றாகவே வந்திருக்கும், ஏனென்றால் அந்தப் பூனைமுடி ஒளியைச் சிதறடித்துவிடும். அதே விளக்கைப் பளபள வண்டின் மேல் பிடித்தபோது முதுகின் நடுவில் வெள்ளை மெதுவடை! பொறிவண்டின் முதுகு ஒரு குவியாடி. எதிரே இருப்பதெல்லாம் அதில் சின்னதாகத் தெரியும்: ஃபிளாஷ் என்றால் வெள்ளைப் பொட்டு, உச்சி வெயில் என்றால் எரிந்த புள்ளி, நிழலில் எடுத்தால் மேலே வானம் வெளிறிய நீலத் திட்டாகப் படிந்து சிவப்பையே மங்க வைக்கும். ஒரு படத்தில் என் தலையும் தொப்பியும் தெரிந்தன. பிரதிபலிப்பை ஒழிக்க முடியாது. அதைப் பெரிதாக்கி, ஓரத்தைக் கரைத்து, முதுகின் வளைவைக் காட்டும் மென்மையான பளபளப்பாக மாற்றத்தான் முடியும். அதற்கு, வண்டின் பார்வையில் வானம் அளவுக்குப் பெரிதாக ஒரு வெள்ளைத் தாள் வேண்டும், அதுவும் பக்கத்தில்.

நான் செய்துகொண்டது இப்படி. சிப்ஸ் விற்கிற நீளமான அட்டைக் குழாய் ஒன்று. அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, ஃபிளாஷ் தலையில் செருகி, இடுக்கில் கறுப்பு டேப். ஃபிளாஷ் வெளிச்சம் லென்ஸின் நுனி வரைக்கும் சிந்தாமல் போய்ச் சேர இந்தக் குழாய். குழாயின் வாயில் ட்ரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு, ரப்பர் பேண்டு. பிறகு ஏ4 அளவு வெள்ளை ஸ்பாஞ்ச் தாள், மில்லிமீட்டர் கனம். ஒரு ஓரத்தில் லென்ஸ் நுழையும் வட்டம் வெட்டி, மீதியை வண்டுக்கு மேல் தாழ்வாரம் போல் வளைத்துவிட வேண்டும். முக்கியம் இதுதான்: ட்ரேசிங் பேப்பருக்கும் ஸ்பாஞ்சுக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி. முதல் அடுக்கு ஃபிளாஷின் நடுப்பொட்டை உடைக்கிறது, இரண்டாவது அதைப் பரப்புகிறது. இரண்டையும் சேர்த்து ஒட்டிவிட்டால் ஒற்றை அடுக்கு மாதிரிதான், பொட்டு திரும்பி வரும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க வண்டு தேவையில்லை. சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய கொத்தமல்லி விதை ஒன்றை எடுத்துப் பாருங்கள். நான் வீட்டு மேசையில் ஒரு சாயங்காலம் முழுக்க அதைத்தான் எடுத்தேன். மூன்று மாதம் வயலில் கற்காததை அந்த விதை கற்றுக்கொடுத்தது.

அளவுகள்: மேனுவல் மோட், ஷட்டர் 1/200, எஃப்/11, ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 200, ஃபிளாஷும் மேனுவலில் 1/8 அல்லது 1/16. ஃபிளாஷ் சக்தி குறையக் குறைய அது மின்னும் நேரமும் குறையும், ஓடுகிற வண்டை அதுதான் நிறுத்துகிறது. ஷட்டரைக் கூட்டிப் பயனில்லை. பின்னணி கரி இருட்டாக வந்தால் ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி ஃபிளாஷைக் குறையுங்கள், அல்லது வண்டுக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்தில் ஒரு இலையைக் கிளிப் போட்டு நிறுத்துங்கள். ஒரு மடங்குப் பெரிதாக்கத்தில் எஃப்/11 தருகிற ஆழம் 0.8 மி.மீ. சுமார், வண்டின் உயரமோ அதைவிட அதிகம். எல்லாம் தெளிவாக வேண்டும் என்று எஃப்/22-க்குப் போகாதீர்கள், சின்னத் துளையின் ஓரத்தில் ஒளி வளைவதால் மொத்தப் படமும் மழுங்கிவிடும். ஆட்டோஃபோகஸை அணைத்து, பெரிதாக்கத்தை நிலைப்படுத்தி, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். கண் எது என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறோம். கழுத்துக் கவசத்தின் இரு ஓரத்திலும் இருக்கும் வெளிர் திட்டுகள் கண் மாதிரியே இருக்கும். அது கண் அல்ல. உண்மையான கண் அதற்கு முன்னால், தலையின் ஓரத்தில், மிளகுத் தூள் அளவு கறுப்பாக, கவசத்துக்கு அடியில் பாதி ஒளிந்திருக்கும். கேமராவை வண்டின் மட்டத்துக்கு இறக்கினால்தான் அது தெரியும். மேலிருந்து எடுத்த படம் சட்டைப் பொத்தானை எடுத்த மாதிரிதான் இருக்கும். இன்னொன்று, கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். மொத்த வெளிச்சம் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பு முட்டிக்கொண்டால் முதுகு பெயின்ட் கொட்டிய திட்டாகிவிடும். வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக, எடுப்பது நல்லது.

ஐப்பசியில் அந்த மேக்ரோ லென்ஸை வாங்கிக்கொண்டு ஏற்காடு ஏறினேன். கீழே சேலத்தில் காலை எட்டரைக்கே வண்டு சூடேறி ஓட ஆரம்பித்துவிடும். மேலே 1,500 மீட்டரில் குளிரும் பனியும் வண்டைக் கட்டிப்போட்டு வைக்கும். 15 டிகிரிக்குக் கீழே அது பறப்பது அபூர்வம். முதுகில் பனித்துளியோடு இலையடியில் ஒடுங்கிக் கிடக்கும். விடிந்து இரண்டு மணி நேரம்தான் இந்த வாய்ப்பு, வெயில் பட்டதும் முடிந்தது. சிலர் இதற்கு மாற்றாக வண்டை டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கிறார்கள். கால் தொய்ந்து, மீசை மடங்கி, பிணம் போலத் தெரியும், பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். விரலால் அழுத்திப் பிடித்தாலும் கதை கெடும்: கால் மூட்டுகளில் கசப்பான மஞ்சள் நீர் கசியும். அது வண்டின் ரத்தம்.

காபித் தோட்டங்களில் தேட வேண்டியது வேறொரு ஆள். காபிக் காய்க் கொத்திலும் கணுவிலும் பஞ்சு போல் மாவுப்பூச்சி இருந்தால் அங்கே நாலு மில்லிமீட்டரில், கரும்பழுப்பு முதுகும் ஆரஞ்சுத் தலையுமாக கிரிப்டோலீமஸ் இருக்கும். புள்ளியே கிடையாது. காபியின் பச்சைச் செதில் பூச்சிக்காக 1898-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது; வந்த வேலையை விட்டுவிட்டு மாவுப்பூச்சியைத் தின்று நிலைத்துவிட்டது. அதன் புழு உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழையோடு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். நான் அதையே மாவுப்பூச்சி என்று தாண்டிப் போயிருக்கிறேன். வேகமாக நடந்தால் வண்டின் புழு, அசையாமல் கிடந்தால் மாவுப்பூச்சி. அந்த வெள்ளை, படத்தில் அதிக வெளிச்சத்தால் வெளிறிவிடும், ஃபிளாஷை ஒரு ஸ்டாப் இறக்குங்கள். எஸ்டேட்டுக்குள் போக மேஸ்திரியிடமோ ரைட்டரிடமோ முதல் நாளே சொல்லி வையுங்கள், காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். விடியலில் காபிச் செடிக்கு நடுவே குனிந்து உட்காரும் முன் ஒரு சுற்று பாருங்கள், காட்டுமாடு நிற்கும்.

அந்த மழைக்காலத்தில்தான் லென்ஸ் போயிற்று. மூடுபனியில் நனைந்த பையை அப்படியே பீரோவில் வைத்து மூடினேன், ஆறு வாரம். மார்கழியில் எடுத்த படத்திலெல்லாம் வெளிச்சத்துக்கு எதிரே பால் ஊற்றின மாதிரி வெளிறல். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை. ஒரு கடையில் கொடுத்துத் துடைத்து வாங்கினேன். பூஞ்சை போனது, ஆனால் கண்ணாடி சரியாக உட்காராமல் படத்தின் இடது பக்கம் இன்றுவரை மழுங்கல். கேட்டதற்கு, "பழைய லென்ஸ் சார், அப்படித்தான்" என்று முடித்துவிட்டார்கள். வாங்கும்போதே பூஞ்சையின் வித்து இருந்ததா என்பது வேறு. நான்தான் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை. பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் அபெர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். மலையிலிருந்து வந்ததும் லென்ஸைத் துடைத்து, ஒரு ராத்திரி வெளியிலேயே வைத்து, பிறகு ரப்பர் ஓரம் வைத்த சமையலறை டப்பாவில் கால் கிலோ சிலிக்கா ஜெல்லோடு மூடுங்கள். கூடவே 200 ரூபாய் ஈரப்பத மீட்டர். 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் குறைந்த தீயில் வறுத்தால் மறுபடி நீலம் வரும். அந்த வாணலியில் அப்புறம் சமைக்காதீர்கள்.

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: கிளிப் மேக்ரோ லென்ஸ், மேகமூட்டமான காலை, வண்டுக்கு மேல் ஒரு கையில் ட்ரேசிங் பேப்பர், ஃபோகஸைப் பூட்டிவிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுப்பது. என் ரிங் லைட் படங்களைவிட இது மேல்.

பறக்கும் படத்துக்கு வண்டின் ஒரு பழக்கம் உதவும்: அது உச்சிக்கு ஏறித்தான் பறக்கும். வண்டு இருக்கிற காய்ந்த குச்சியை நேராகப் பிடித்து, நுனியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். நுனியில் ஒரு சுற்று சுற்றி, நின்று, முன்சிறகு இரண்டையும் தூக்கும். மடித்து வைத்த பின்சிறகு விரியும் அந்த நொடிதான். ஏறியும் பறக்காவிட்டால் குச்சியைத் தலைகீழாக்குங்கள், மறுபடி ஏறும். நாலைந்து தடவைக்கு மேல் வேண்டாம். எனக்கு 140 படத்தில் மூன்று தேறின. இதைவிடப் பொறுமைக்குப் பலன் தருவது கூட்டுப்புழு. இலையில் வால் ஒட்டிக் குனிந்து நிற்கும் புழுவைக் கண்டால் அடையாளத்துக்கு ஒரு நூல் கட்டிவிட்டு வாருங்கள், இலையைக் கிள்ளாதீர்கள். சேலத்து வெப்பத்தில் சில நாளிலேயே வண்டு வெளியே வரும், அப்போது முதுகில் ஒரு புள்ளி இருக்காது. வெளிறிய மஞ்சள், ஈரம். காற்றில் இலை ஆடாமல் மூங்கில் குச்சியில் துணிக் கிளிப் போட்டுப் பிடித்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் மூன்று மணி நேரம் எடுத்தால், கறுப்பு மெல்லக் கசிந்து ஊறி வருவதைப் பார்க்கலாம்.

தை பிறந்ததும் முட்டைப் படத்துக்காக ஆயா தோட்டத்துக்குத்தான் மறுபடி போனேன். கத்தரி ஓரத்தில் மொச்சை போட்டிருந்தது, மொச்சையில் அசுவினி, அசுவினியில் நல்ல வண்டு. ஆயா ஒரு கத்தரி இலையைத் திருப்பிக் காட்டியது; அடியில் மஞ்சள் முட்டை, நட்டு வைத்த மாதிரி நின்றது. "இது எந்தக் கட்சி கண்ணு?" நல்ல வண்டு அசுவினிக்குப் பக்கத்தில் நெருக்கி நெருக்கி வைக்கும். இது விலகி விலகி நின்றது, இலையில் அசுவினியும் இல்லை. "உங்க எதிர்க்கட்சிதான் ஆயா" என்றேன். இலையைக் கிள்ளக் கை போனது. "ஒரு நா மட்டும் விட்டுக் குடுங்க ஆயா, பொரியறத எடுத்துட்டு நானே கிள்ளித் தர்றேன்." ஆயா இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. "நாளைக்கு வெடியக்கால வரைக்குந்தான்" என்று சொல்லிவிட்டு, அடுத்த செடிக்குப் போய் இலையைத் திருப்ப ஆரம்பித்தது.